சவரியின் இறக்கை

கடந்த சனிக்கிழமை பின்னேரம் என் விமானம் எனக்கு வணக்கம் சொன்னது.

நான் அப்படிச் சொல்ல வைக்கவில்லை. ரிமோட் என் கையில்தான் இருந்தது. விரல் அசையவில்லை. ஆனால் உள்துறைமுகத் தண்ணீருக்கு மேலே அது இறக்கைகளை இடமும் வலமுமாக ஆட்டியது. மெதுவாக... கைபழகிய ஆள் செய்வதுபோல.

அப்படி ஆட்டுகிறவன் ஒருத்தன்தான். சவரிமுத்து. அவன் செத்துப் பத்து மாதமாகிறது.

பத்திரிகையில் இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் மொடல் விமானப் பைத்தியம் தெரியும். இந்த வயதில் இது தேவையா என்று என் மனைவி கேட்பாள். நான் பற்றறியைச் சார்ஜில் போடுவேன்.

நானும் சவரியும் ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு விமானங்கள் வாங்கினோம். அங்கேதான் வந்தது வில்லங்கம். பழைய காலத்து ரிமோட்டுகள். இரண்டுக்கும் ஒரே அலைவரிசை. ஒருத்தன் பறக்கவிடும்போது மற்றவன் தன் ரிமோட்டின் சுவிட்சைப் போட்டால் போச்சு! யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் விமானம் குழம்பிவிடும்.

ஆகவே உடுப்புக் காயப்போடுகிற சிவப்புக் கிளிப் ஒன்று வைத்திருந்தோம். அது யாருடைய சட்டையில் இருக்கிறதோ, வானம் அவனுக்கு. மற்றவன் கதிரையில் இருந்து காத்திருக்க வேண்டும். "முடிஞ்சுதா மச்சான்?" என்று கேட்காமல் ரிமோட்டைத் தொடக் கூடாது. எங்கள் சட்டப் புத்தகம் அவ்வளவுதான்.

சவரிக்கு ஒரு ஆசை இருந்தது. பழைய யுத்தப் படங்களில் மேலும் கீழுமாக இரண்டு இறக்கையோடு ஒரு விமானம் வருமே, பைபிளேன்... அதைச் செய்ய வேண்டும்.

"ரெண்டு பிளேனையும் ஒண்டாக்குவம் மச்சான். உன்ர இறக்கையைத் தா" என்பான்.

கீழ் இறக்கையைப் பொருத்துவதென்றால் அதை நடுவில் அறுத்து, உடம்பின் இரண்டு பக்கமும் ஒட்ட வேண்டும். அறுத்த இறக்கை பிறகு பழைய இடத்துக்கு உதவாது. நான் மறுத்தேன். உன்னுடையதை வெட்டு என்றேன்.

"என்ரதை வெட்டினா ரீச்சர் என்னை வெட்டிப்போடுவா."

ரீச்சர் என்றால் அவன் மனைவி பிலோமினா, பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். அவனுடைய இறக்கைக்குச் செம்மஞ்சள் தாளைப் போர்த்து, அயன்பொக்ஸால் சுருக்கமில்லாமல் தேய்த்து ஒட்டியது அவர்தான். என் விமானத்தின் வெள்ளைத் தாள் நானே ஒட்டியது. சுருக்கத்தைப் பார்த்தாலே தெரியும்.

அடக்கம் முடிந்து சில மாதங்களின் பின் ரீச்சர் அவனுடைய விமானத்தை என்னிடம் தந்தார். என்ஜின் இறுகிக் கிடந்தது. ஆண்டுப் பூசைக்கு மகன் கனடாவிலிருந்து வருகிறானாம். அதற்குள் பறக்கப் பண்ணித் தரச் சொன்னார். "அவன் தகப்பன்ர பிளேனை ஒருக்கா விடோணும் அண்ணை."

நான் என்ன செய்தேன் தெரியுமா? அதன் இறக்கையைக் கழற்றி நடுவில் அறுத்தேன்.

சவரியின் ஆசையை நிறைவேற்றுகிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். ஆசை என்னுடையது. என் இறக்கையை வெட்ட மனமில்லை. செத்தவன் குறுக்கே வர மாட்டான் என்ற துணிச்சல். அவ்வளவுதான்.

வாள் நடுப்பகுதிக்கு வந்தபோது, இழுபட்டிருந்த தாள் ஒரு சத்தம் போட்டது. நித்திரையில் ஒருவர் பல்லைக் கடிப்பது போன்ற சத்தம். நான் வாளை வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தேன். பிறகு வந்து மிச்சத்தையும் அறுத்தேன்.

என் விமானத்தின் மேலே பழையபடி என் வெள்ளை இறக்கை. கீழே அவனுடைய செம்மஞ்சள். நடுவே மெல்லிய மரத் தூண்கள். அழகாகத்தான் இருந்தது.

முதல் தடவை பறக்கவிட்டதும் ஒரு சனிக்கிழமைதான். அப்போதே அது இறக்கையை ஆட்டியது. உடனே இறக்கி எல்லாவற்றையும் திறந்து பார்த்தேன். வயர், கீல், மோட்டார்... ஒரு பிழையும் இல்லை. காற்று என்று முடிவு செய்தேன். கடலில் அன்று ஒரு சுருக்கம்கூட இல்லை என்பதை யோசிக்காமல் விட்டேன்.

இரண்டாவது தடவைதான் கடந்த சனிக்கிழமை. இம்முறை ஆட்டியதோடு நிற்கவில்லை. என்ஜின் சத்தம் தானாகக் குறைந்தது. மூக்கைக் கரைப்பக்கம் திருப்பியது. நான் குச்சிகளை எந்தப் பக்கம் தள்ளியும் கேட்கவில்லை. வீதியைக் கடந்து, ஒரு வளவுக்குள் பதிந்து மறைந்தது.

அது யாருடைய வளவு என்று எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

படலையைத் திறந்தேன். மணலில் விமானம் முறியாமல் இருந்தது. என்ஜின் நின்றிருந்தது. ஆனால் இறக்கைகளின் பின்விளிம்புத் தட்டுகள் மேலும் கீழும் அசைந்துகொண்டிருந்தன. டிக்... டிக்...

விறாந்தையில், சவரியின் கதிரையில், ரீச்சர். மடியில் அவனுடைய ரிமோட். அன்ரனா முழுதாக இழுத்திருந்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. பெருவிரல் குச்சியை இடமும் வலமும் தள்ளிக்கொண்டிருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"ரீச்சர்" என்றேன்.

விரல் நின்றது. தட்டுகளும் நின்றன.

"இவர் பிளேன் விடுற சத்தம் கேட்டது அண்ணை. கண்ணைத் திறந்தா போயிடும் எண்டு திறக்கேல்லை."

வணக்கம் சொல்ல மட்டும்தான் சவரி அவருக்குப் பழக்கியிருக்கிறான். அந்த ஞாபகத்துக்கு, சில சனிக்கிழமைகளில், அவன் வழமையாகப் பறக்கவிட்ட நேரம் பார்த்து ரிமோட்டைப் போட்டு ஆட்டுவாராம். வானத்தில் ஒன்றும் இல்லை என்று நினைத்துத்தான். ஒரே அலைவரிசை, வீட்டுக்குக் கிட்ட அவருடைய ரிமோட்டின் கை ஓங்கிவிட்டது என்று நான் விளங்கப்படுத்தினேன். பிறகு, விளங்கப்படுத்த ஏலாததையும் சொன்னேன். அறுத்ததை. ஏன் அறுத்தேன் என்பதை.

ரீச்சர் எழும்பி வந்து குந்தினார். வெட்டி ஒட்டிய இடத்தில் பெருவிரலால் தடவினார்.

"இது நான் தேய்ச்சு ஒட்டினது."

"ஓம்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணை."

திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவர் திட்டவில்லை. இறக்கையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, "மகன் வரேக்க இவற்ற பிளேன் பறக்கோணும். உங்கட இறக்கையைத் தாங்கோ" என்றார்.

எத்தனை வருடம் அவன் கேட்டுக் கொடுக்காதது. ஓம் என்றேன்.

படலையடியில்தான் அந்தக் கேள்வி வந்தது. முதல் சனிக்கிழமையும் ரிமோட்டைப் போட்டீர்களா?

ரீச்சர் யோசித்தார். "இல்லையே. அந்தக் கிழமை மட்டக்களப்பில தங்கச்சி வீட்டில நிண்டனான். இது அலுமாரிக்குள்ள. வீடு பூட்டு."

துறைமுகத்தில் எத்தனையோ கப்பல், எத்தனையோ ரேடியோ. ஏதாவது ஒன்று குறுக்கிட்டிருக்கலாம். நான் படித்தவன், அப்படித்தான் நினைக்க வேண்டும். நினைக்கிறேன்.

நேற்று சவரியின் விமானத்தின் என்ஜினைச் சரிசெய்து, அதில் என் வெள்ளை இறக்கையைப் பூட்டி, சோதித்துப் பார்க்கக் கொண்டுபோனேன். ரீச்சரின் ரிமோட்டை, பற்றறி கழற்றி, என் பையிலேயே வைத்திருந்தேன். கிளிப்பைச் சட்டையில் குத்தப் போனவன், பழக்கத்தில் பக்கத்தில் நானே விரித்து வைத்த வெறுங்கதிரையைப் பார்த்தேன்.

"முடிஞ்சுதா மச்சான்?" என்று கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் காத்திருந்தேன்.