கீழிருந்து ஏறிய ஈரம்

மகன் கட்டிய வீட்டில் சமையலறைச் சுவர் ஓதம் அடிக்கிறது. முகர்ந்தேன். அறுபது வருடத்துக்கு முந்தைய எங்கள் மண்வீட்டின் வாசனை.

சின்னமனூர்ப் பக்கம் எங்கள் காட்டுக்கும் பெரியாற்று வாய்க்கால் தண்ணீர் வந்த புதிது. வீட்டுக்குப் பின்னால் எங்கள் கம்பங்காடு நெல்வயலாகியிருந்தது. ஆவணியில், மழையே இல்லாமல், வீட்டுச் சுவர் நனைந்தது. அந்தச் சுவரை ஒட்டிய குலுக்கையில்தான் வருடம் முழுவதற்குமான கம்பு இருந்தது. ஐயா இரண்டு தடவை கூரை மேய்ந்தார். ஈரம் நிற்கவில்லை. மூன்றாம் தடவையும் ஏறினார்.

"மழையே காணோம், கூரை எப்படி ஒழுகும்? உங்க ஐயா மறுபடி ஏறிட்டாக" என்றாள் ஆத்தா, அவர் காதில் விழும்படி.

"ஏலே, உங்காத்தாகிட்டக் கேளு. தண்ணி மேலயிருந்து எறங்குமா, கீழயிருந்து ஏறுமா?"

ஆத்தா குலுக்கையின் அடியில் கைவிட்டு அள்ளினாள். கம்பு முளைவிட்டிருந்தது. ஐயா இறங்கிவந்து சுவரைத் தடவினார். மேலே காய்ந்திருந்தது, அடியில் சொதசொதவென்றிருந்தது.

"மாதா கோயில்ல முழங்கால் போட்டுத் தண்ணி கேட்டது யாரு? வீட்டுக்குள்ளயே வந்துருச்சு" என்றாள்.

ஐயா மண்வெட்டியை எடுத்து, சுவருக்கும் வயலுக்கும் நடுவில் ஓடை வெட்டினார். குலுக்கையைக் கல்மேல் ஏற்றினோம். பாதிக் கம்புதான் மிஞ்சியது. அது தையோடு தீர்ந்தது. அப்புறம் அந்த வயல் நெல்தான் எங்களுக்குச் சோறு.

மகனிடம் அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டேன். அந்தப் பெரியாற்றுத் தண்ணீரை வரவில் வைப்பதா செலவில் வைப்பதா என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.