இருபது நிமிடப் பூட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையை ஒட்டிய ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் நர்ஸ். மூன்று பேர் பார்க்க வேண்டிய வேலை. ஒருத்தி பிரசவ விடுப்பில் இருந்தாள், இன்னொருத்தியை வேறு ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று பேருக்கான திட்டையும் நான் ஒருத்தியே வாங்கிக்கொண்டிருந்தேன்.

மதியம் தொழிற்சாலைகளில் சாப்பாட்டுச் சைரன் ஊதும். அங்கே எல்லோரும் டப்பாவைத் திறப்பார்கள், நான் என் டப்பாவை மூடுவேன். அந்த அரை மணி நேரம்தான் அவர்களை வெளியே விடுவார்கள் என்பதால், கண்ணில் இரும்புத்தூள் விழுந்தவர், விரல் நசுங்கியவர், சர்க்கரை மாத்திரை தீர்ந்தவர் எல்லோரும் மொத்தமாக எங்கள் வாசலில் நிற்பார்கள். டாக்டரம்மா அதற்குள் பக்கத்து ஊர் முகாமுக்குப் போயிருப்பார். வீட்டில் சமைப்பது என் கணவர். டப்பா போனபடியே திரும்பி வருவதைப் பார்த்து, பாவம், தன் எலுமிச்சை சாதத்தின் மேல் அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

எங்கள் கஷ்டம் மேலிடத்துக்குத் தெரியாமல் இல்லை. மன அழுத்தம் குறைய ஒரு பயிற்சி என்று திருவள்ளூருக்குக் கூப்பிட்டார்கள், அதுவும் என் வார விடுமுறையன்று. மூச்சை இழுத்து மெதுவாக விடச் சொன்னார்கள். விட்டேன். ஒரு தண்ணீர் பாட்டிலும் சான்றிதழும் கொடுத்தார்கள்.

கடைசியில் வயிற்றில் புண் வந்தது. அதே சமயம் ஒரு தொழிற்சாலையின் முதலுதவி அறைக்கு ஆள் கேட்டார்கள். ஏசி, உட்கார நாற்காலி, ஒரு நாளைக்கு நாலே கட்டு, சைரன் ஊதினால் சாப்பாடு. எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தை எழுதி, ஜெராக்ஸ் எடுத்து வர எங்கள் ஆஸ்பத்திரி ஒர்க்கரிடம் கொடுத்தேன். பெருக்குவது, சீட்டு கொடுப்பது, கூட்டத்தை அதட்டுவது எல்லாம் அவள்தான். வயது முப்பது, ஒப்பந்த வேலை, குரல் மட்டும் நிரந்தரம்.

ஜெராக்ஸ் கடைக்காரர் அதைச் சத்தமாகப் படித்திருக்கிறார். திரும்பி வந்தவள் என்னை முறைத்தாள்.

"இன்னா சிஸ்டர் இது? உட்டுட்டுப் போறீங்களா?"

"சோறு துன்ன முடியலம்மா. வேற இன்னா பண்றது?"

மறுநாள் சைரன் ஊதியதும் என்னை டப்பாவோடு மருந்து ஸ்டோருக்குள் தள்ளி, வெளியே பூட்டிவிட்டாள். நான் கதவைத் தட்டினேன்.

"ரத்தம் ஊத்தினா தொறப்பேன் சிஸ்டர். காய்ச்சலு இருவது நிமிசத்துல எங்கயும் ஓடிப்பூடாது. காலி டப்பாவ ஜன்னல்ல காட்டுங்க, அப்பால தொறக்கறேன்."

பிளீச்சிங் பவுடர் மூட்டைமேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். வெளியே அவள், "சிஸ்டரு மீட்டிங்குல கீறாங்க, குந்துங்க," என்று சொல்வது கேட்டது. ஒரு மாதம் தினமும் எனக்கு மீட்டிங். வயிற்றுவலி குறைந்தது. வீட்டில் கணவர் மறுபடி பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தார். விண்ணப்பம் மட்டும் கைப்பையிலேயே இருந்தது. தொழிற்சாலைக்காரர் வாரம் ஒருமுறை கூப்பிட்டுக் கேட்பார், நானும் இதோ அதோ என்று இழுப்பேன்.

ஒரு நாள் அந்த நேரம் பார்த்து மாவட்ட அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார்.

"நர்ஸ் எங்கம்மா?"

"மீட்டிங்கு சார்."

"என்ன மீட்டிங்? மீட்டிங் போடுறதே நான்தானே?"

எனக்கு வாய் நிறைய சாதம், விக்கல் வேறு. "சார், உள்ளதான் இருக்கேன்," என்று ஜன்னல் வழியாகக் கத்தினேன். அவர் கதவையும் பூட்டையும் பார்த்தார். அந்த மகராசி அசையவில்லை.

"டப்பா காலியா சிஸ்டர்?"

மாவட்ட அதிகாரி முன்னால் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினேன். அதன் பிறகுதான் பூட்டு திறந்தது. இரண்டு பேருக்கும் மெமோதான் என்று நினைத்தேன். அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"சரிம்மா, நீ எப்ப சாப்பிடுவ?"

"நானா சார்? அஞ்சு மணிக்கு மேல ஊட்டுக்குப் போயி. டப்பாவே எடுத்தார்றது இல்ல சார், எடுத்தாந்து இன்னா பண்றது?"

எனக்குச் சுருக்கென்றது. ஒரு மாதமாக இவள் காவலில் வயிறாரச் சாப்பிட்டிருக்கிறேன். இந்த ஒரு கேள்வி என் வாயில் வரவில்லை. வெட்கமாக இருந்தது. கையில் ஒரு பருக்கைகூட மிச்சமில்லாத டப்பா வேறு.

அதிகாரி டிரைவரை அனுப்பி, ஜீப்பிலிருந்த தன் சப்பாத்தியை எடுத்து வரச் சொன்னார். அவள் வேண்டாம் சார், வேண்டாம் சார் என்று பின்னால் போனாள். நான்தான் அவளைப் பிடித்து மூட்டைமேல் உட்கார வைத்தேன். அதிகாரி சீட்டு எழுதும் மேஜையில் உட்கார்ந்து, "அடுத்தது யாரு?" என்றார். யாருக்கும் அவர் முன்னால் வரிசையில் நிற்கத் தைரியம் வரவில்லை, அது வேறு விஷயம்.

நான் ஒருவர் விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. தொழிற்சாலைக்காரர், எப்போது வந்து சேர்கிறீர்கள் என்று கேட்டார்.

"வரல சார். இங்க ஒருத்தி இப்பதான் சாப்புட குந்திக்கினு கீறா," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.