ஈப்போவில் ஸ்பானிஷ் ‘வேணும்’ பட்ட பாடு

அந்நிய மொழி சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரு பெரிய வசதி உண்டு: நாம் தப்பாகச் சொன்னாலும் கண்டுபிடிக்க ஊரில் ஆள் இருக்காது.

எழுபதுகளின் கடைசியில் ஈப்போவில் ஸ்பானிஷ் வாத்தியாராக இருந்தவன் நான். சித்தியவான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, சரக்குக் கப்பல் ஒன்றின் சமையல்கட்டில் போய் விழுந்தவனுக்கு ஸ்பானிஷ் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். தலைமைச் சமையல்காரர் சிலி நாட்டுக்காரர். அவர் எதற்காகத் திட்டுகிறார் என்று தெரியாமல் அங்கே பிழைக்க முடியாது. கப்பலை விட்டு ஊருக்குத் திரும்பிய நேரத்தில், ஒரு ஈயச் சுரங்கக் கம்பெனி பொலிவியா நாட்டிலிருந்து இஞ்சினியர்களை வரவழைத்திருந்தது. அங்கேயும் ஈயம்தான் பிழைப்பாம். அவர்களோடு பேச வேண்டியவர்களுக்கு ஸ்பானிஷ் தேவைப்பட்டது. மேடம் வோங் நடத்திய தட்டச்சுப் பள்ளியில், பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கு மாலை நேரத்தில் இடம் கிடைத்தது.

மலாய்ச் சோதனையில் வினைச்சொல்லுக்கு முன்னால் ‘மெ’ போடுவதா ‘பெர்’ போடுவதா என்று பேனாவைக் கடித்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆளுக்கொரு வேணும்

முதல் பாடத்துக்கு ‘கெரேர்’ என்ற வினைச்சொல்லை எடுத்தேன். வேண்டும் என்று அர்த்தம். கடையிலும் ஆபீசிலும் முதலில் தேவைப்படுவது அதுதானே? எனக்கு வேணும் என்றால் கியேரோ. உனக்கு வேணும் என்றால் கியேரெஸ். அவனுக்கு என்றால் கியேரே. நமக்கு என்றால் கெரேமோஸ். கரும்பலகையில் எழுதி முடித்துத் திரும்பினேன். ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

முன்வரிசையில் இருந்தவர் ஜமால் அண்ணன். சுரங்க ஆபீசுக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பொலிவியாக்காரர்களுக்கு மூன்று வேளையும் அவர் கடையில்தான் சாப்பாடு. அவர் கரும்பலகையை மேலிருந்து கீழாகப் பார்த்தார், கீழிருந்து மேலாகவும் பார்த்தார். “அந்த நாட்டுல அடிக்கடி ஆட்சி கவுருதுன்னு பேப்பர்ல போடுறானே, ஏன்னு இப்பதான் புரியுது மாஸ்டர். நம்ம தமிழ்ல யாருக்கு வேணும்னாலும் ஒரே வேணும்தான். இவனுங்க ஆளுக்கொரு வேணும் வச்சிருக்கானுங்க லா!”

வராத குரங்கு

எதிர்காலத்துக்கு வந்தோம். அவனுக்கு இனிமேல் வேண்டியிருக்கும் என்பதற்கு ‘கெரா’. ர-வை நாக்கு நுனியில் உருட்ட வேண்டும். கப்பலில் இருந்தவரை இந்தச் சொல்லில் எனக்கு ஒரு தொல்லையும் இல்லை. ஈப்போவில்தான், மலாய் தெரிந்த ஒவ்வொருவர் காதிலும் அது ‘குரங்கு’ என்று விழும் என்பது உறைத்தது. வகுப்பு முழுக்கச் சிரிப்பு. சிரிப்பை அடக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, எல்லாரையும் சத்தமாகச் சேர்ந்து சொல்லவைப்பது. “கெரா! கெரா! கெரா!”

பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் தட்டச்சு நின்றது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், ஜன்னல்கள் படபடவென்று சாத்தும் சத்தம், ஒரு பெண்ணின் அலறல். அடுத்த நிமிடம் மேடம் வோங் ஒரு கையில் குடையும் மறு கையில் துடைப்பமுமாக எங்கள் பக்கம் பாய்ந்து வந்தார். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். அலமாரிக்குப் பின்னால் துடைப்பத்தை விட்டுக் குடைந்தார். இது பாடம், எதிர்காலம், ஸ்பானிஷ் என்றெல்லாம் எனக்குத் தெரிந்த மலாயில் விளக்கினேன். அவர் குடையை இறக்கவே இல்லை. மலாயில் கேட்டார்: “குரங்கு இல்லையென்றால் ஏன் இத்தனை பேர் சேர்ந்து அதைக் கூப்பிடுகிறீர்கள்?”

வாத்தியாரின் வெற்றி

சின்னப்பன் வாத்தியார் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். பொலிவியாக்காரர்களிடம் அவருக்கு ஒரு வேலையும் கிடையாது. சாயங்காலம் வீட்டில் மாமியார் வானொலி கேட்பார் என்பதற்காகவே வகுப்பில் சேர்ந்தவர். பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டால் பதில் வராது.

அன்று நான் இரண்டு சொற்களை எழுதினேன். ‘கெரீயா’ என்றால், முன்பு வேண்டியிருந்தது. அதே சொல்லில் ர-வை அழுத்தி உருட்டிக் ‘கெறீயா’ என்றால், கிடைத்தால் வேண்டியிருக்கும். இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் அந்த ஒரு உருட்டல்தான். அதை மாற்றிச் சொன்னால் நடந்த கதை நடக்காத கதையாகிவிடும் என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, வாத்தியார் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் தண்ணீர். வகுப்பைப் பார்த்துத் திரும்பினார். அவரிடம் படித்த இரண்டு பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். “சின்ன ர, பெரிய ற, ரெண்டும் ஒண்ணுதானே சார்னு என்னைக் கேட்டீங்களேடா! இப்ப பொலிவியாக்காரன் சொல்றான், கேட்டுக்குங்க!”

சட்டையில் தேத்தண்ணி

இறந்த காலத்தில் ‘கிசே’ என்று ஒன்று உண்டு. வேணும் என்று முனைந்தேன் என்பது மாதிரி ஒரு பொருள். அதை நடத்திய மறுநாள் ஜமால் அண்ணன் கடையில் கூட்டம். ரமோன் என்ற இளம் இஞ்சினியர் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்திருக்கிறார். அண்ணன் தேத்தண்ணியை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டே நடந்தவர், நாற்காலிக் காலில் தடுக்கினார். ஒரு குவளைத் தேத்தண்ணியும் ரமோனின் மார்பில்.

வேணும்னு ஊத்தலைங்க என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் ‘இல்லை’ காணாமல் போய்விட்டது. அண்ணன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, “கிசே, சென்யோர், கிசே!” என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். அதாவது, வேணும்னுதான் ஊத்தினேன் ஐயா, வேணும்னேதான். ரமோன் சட்டையைப் பார்த்தாராம், அண்ணனைப் பார்த்தாராம். பிறகு மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்திருக்கிறார். சட்டையைப் பிழிந்துகொண்டே, தெரியாமல் நடந்துவிட்டது என்பதற்கு ‘சின் கெரேர்’ என்று சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். வேணும்னு இல்லாமல் என்பதுதான் அதன் நேர்ப் பொருள். அப்படியே நம் பேச்சு.

சாயங்காலம் அண்ணன் வகுப்புக்கு வந்து உட்காரவில்லை. நின்றபடியே கேட்டார்: “மாஸ்டர், மன்னிப்பு கேக்குற பாடத்த மொதல்ல நடத்தக் கூடாதா? நாங்க கடைக்காரங்க லா!”

சரோஜாவின் சந்தேகம்

சரோஜா சுரங்க ஆபீசில் டெலிபோன் ஆப்பரேட்டர். ஈப்போவை ஒட்டிய சிலிபினிலிருந்து சைக்கிளில் வருவாள். வகுப்பில் உருப்படியாகப் படித்தவள் அவள் ஒருத்திதான். பொலிவியாவிலிருந்து அழைப்பு வந்தால் யார் பேசுவது என்று கேட்க வேண்டும். அவள் ‘கியேரோ’ போட்டு, உன் பேர் எனக்கு வேணும் என்று அதிகாரமாகக் கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் இருந்த பெரிய முதலாளி நடுங்கிப்போய்த் தன் பேரோடு அப்பா பேரையும் சேர்த்துச் சொன்னாராம். பக்கத்தில் நின்ற ரமோன்தான், ‘கிசியேரா’ என்று பணிவாகச் சொல்ல வேண்டும் என்று திருத்தினார். அதற்குப் பிறகு தினமும் தேத்தண்ணி நேரத்தில் அவளைத் திருத்த வர ஆரம்பித்தார். திருத்துவதற்குத் தப்பே இல்லாத நாளிலும் வந்தார்.

ஒருநாள் வகுப்பு முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு அவள் மட்டும் உட்கார்ந்திருந்தாள். “சார், ‘தே கியேரோ’ன்னா ‘நீ எனக்கு வேணும்’னுதானே அர்த்தம்? தமிழ்ல ஒருத்தன் அப்படிச் சொல்லியிருந்தா செருப்பக் கழட்டியிருப்பேன். ஸ்பானிஷ்ல சொன்னா ஏன் சார் கோவமே வரல?”

பெருமாள் வீட்டில்

ஸ்பானிஷில் வேணும் என்பதற்கும் அன்பு வைத்திருக்கிறேன் என்பதற்கும் ஒரே வினைச்சொல்தான். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாவத்துக்கு, ஒரு ஞாயிற்றுக்கிழமை ரமோனோடு அவள் வீட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. அப்பா பெருமாள் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது குடும்பத்தோடு சிலிபினுக்கு வந்து, ஒரு மர ஆலையில் வேலைக்குச் சேர்ந்தார். சரோஜா ஒரே பிள்ளை. அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அம்மா கதவுக்குப் பின்னால். சரோஜாவை எங்கேயும் காணோம்.

ரமோன் ரொம்பப் பணிவாக, ‘கிசியேரா’ போட்டுத் தொடங்கினார். நான் அப்படியே தமிழில் சொன்னேன்: “உங்க மகளக் கட்டிக்க முடிஞ்சா நல்லா இருக்கும்னு நெனைக்கிறாரு.”

“முடிஞ்சாவா? இன்னும் யோசனையிலதான் இருக்காரா? முடிவு பண்ணிட்டு வரச் சொல்லுங்க தம்பி.”

பணிவை விடுங்கள் என்று ரமோனின் காதில் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘கியேரோ’ என்றார்.

“கட்டிக்கணும்கிறாரு,” என்றேன்.

“கணும்மா? என் வீட்டுல வந்து எனக்கே உத்தரவு போடுறாரா?”

 இனி எந்தக் காலத்தைப் போட்டாலும் வம்புதான். அப்போது ரமோன் என் கையைப் பிடித்து நிறுத்தினார். பெருமாளை நேராகப் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் சொன்னார்: “எனக்கு... சரோஜா... வேணும்.”

 பெருமாள் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். துடைத்த பிறகும் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. துண்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “எனக்கும்தான் வேணும்.”

அதை மொழிபெயர்க்க எனக்கு யோசனையே தேவைப்படவில்லை. ஸ்பானிஷில் அது அன்பு என்றும் ஆகிறது, வேணும் என்றும் ஆகிறது. அவர் சொன்னதும் அந்த இரண்டையும்தான். ரமோன் எழுந்துபோய் அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டார். பொலிவியாவில் இருக்கும் தன் அம்மாவும், தான் கடல் தாண்டி வந்தபோது இதையேதான் சொன்னாள் என்றார். சரோஜாவை இவர்களிடமிருந்து பிரித்துக்கொண்டு போக மாட்டேன், வேலை இருக்கிறவரை ஈப்போவில்தான் இருப்பேன் என்றும் சொன்னார்.

பெருமாள் துண்டை இறக்கினார். “வேல போனா போய்த்தானே ஆகணும். அதக் கேக்கல நான். அவளுக்கு எப்பல்லாம் வரணும்னு தோணுதோ, அப்பல்லாம் வரட்டும். அதுக்குத் தடை சொல்லக் கூடாது.”

நான் அதை ஸ்பானிஷில் சொன்னதும் ரமோன் இரண்டே சொல்லில் பதில் சொன்னார்: “குவாந்தோ கியேரா.” அவளுக்கு எப்போது வேணுமோ அப்போது. நிச்சயமில்லாத விஷயங்களுக்கு ஸ்பானிஷில் இருக்கிற அந்தத் தனி வினைவடிவத்தைக் கப்பலில் பல வருடம் இருந்தும் நான் சரியாகப் புரிந்துகொண்டதில்லை. அன்று புரிந்தது. நான் தமிழில் சொல்வதற்குள், கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா சொன்னார்: “மாப்பிள சரின்னுட்டாருங்க. எந்திரிச்சுப் போய் மூஞ்சக் கழுவிட்டு வாங்க, காப்பி ஆறுது.”

கடைசி மாணவர்

கல்யாணம் கோயிலிலும் நடந்தது, மாதா கோயிலிலும் நடந்தது. இரண்டு விருந்துக்கும் ஜமால் அண்ணன் சமையல். எண்பதுகளின் நடுவில் ஈயத்தின் விலை விழுந்தது. சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. ரமோனும் சரோஜாவும் சின்னஞ்சிறு மகளை அழைத்துக்கொண்டு பொலிவியாவுக்குப் போனார்கள். பெருமாள் சுபாங் விமான நிலையம்வரை போய் வழியனுப்பினார். ரமோன் தந்த சொல் தவறாமல் சரோஜா இரண்டு முறை வந்தும் போனாள். என் வகுப்பில் ஆள் இல்லாமல் போயிற்று. மூடிவிடலாம் என்று இருந்தேன்.

ஒரு மாலை படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார் பெருமாள். பேத்தி தொலைபேசியில் பேசுவதெல்லாம் ஸ்பானிஷாக இருக்கிறதாம். தமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கிறாளாம். எனக்குத் தெரிந்த ஒரே தொடக்கம் கெரேர்தான். நிகழ்காலம், இறந்த காலம் எல்லாம் அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஏவல் வடிவத்தை எழுதினேன். ‘கியேரெமே.’ என் மேல் அன்பு வை. அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். “பேத்திகிட்ட அதக் கேட்டா வாங்கணும்? அதெல்லாம் அழிங்க தம்பி. ‘சாப்பிட்டியா’ன்னு கேக்க மட்டும் சொல்லிக் குடுங்க, போதும்.”

ஸ்பானிஷ் வாத்தியாராக ஈப்போவில் எனக்குக் கடைசிவரை போட்டியே இருந்ததில்லை. இருந்திருந்தால் என் மாணவர்கள் ஸ்பானிஷ் கற்றுக்கொண்டிருப்பார்கள்.