எத்தனை பாகம், அண்ணாச்சி?

ரெஜினா சிஸ்டர் இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது அப்பா அடுத்த அறையில் இருந்தார். "யாரு, ஏளா?" என்று மகளான என்னிடம் கேட்டார். "தப்பான நம்பர்" என்றேன். மாரடைப்பு என்பதையும், இனி வியாழக்கிழமைகளில் அவருடைய ஸ்கூட்டர் எங்கள் வாசலில் நிற்காது என்பதையும் நான் சொல்லவில்லை.

வலி தணிக்கும் பிரிவின் செவிலியராக அவர் இந்த ஊரில் பல கட்டில்களின் அருகே உட்கார்ந்தவர். உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பார். எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளித்தவர். எலும்பில் புற்றுநோய். வலிக்குக் கோடீன் மாத்திரை கொடுத்திருந்தார்கள். வலி பத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லாமல் "பத்து" என்பார். பெரிதாக்கிச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதல்நாள் சிஸ்டரை வாசலில் நிறுத்தி அப்படியே சொல்லவும் செய்தேன்.

அவர் உள்ளே போய், "எத்தனை பாகத்துல இருக்கீங்க, அண்ணாச்சி?" என்றார். கடலின் ஆழத்தைச் சங்கு குளிப்பவர்கள் பாகத்தில்தான் சொல்வார்கள்; ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி.

"பத்து. தரையில கெடக்கேன்."

"அப்ப கத்த வேண்டியதுதானே?"

"அடியில கெடக்கவன் கத்துவானா? மூச்சுல்லா போயிரும்."

சிஸ்டர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அது அவருடைய நாகரிகம்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்த மாத்திரை கேக்காம இருந்திருக்கா?"

"வேம்பாருல எங்க அக்காளுக்கு. ஆபரேஷன் முடிஞ்சு இதேதான் கொடுத்தாக. துடிச்சா. நடிக்கான்னு நாந்தான் சொன்னேன்."

"நல்ல தம்பி" என்றார் சிஸ்டர். பல வாரங்களுக்குப் பிறகு அப்பா சிரித்தார்.

வெளியே வந்து எனக்கு விளக்கினார். "கோடீன் மூடின சிப்பி மாதிரி. ஈரல் அதுல கொஞ்சத்தை மார்ஃபினா மாத்தினாத்தான் வலி குறையும். சில பேரோட ஈரலுக்குப் பிறவியிலேயே அந்த ஒரு வேலை தெரியாது. அப்பா பொய் சொல்லல." அங்கேயே நின்று மருத்துவரிடம் தொலைபேசியில் பேசினார். அவர் மார்ஃபினுக்கு மாற்றச் சம்மதித்தார்.

"மார்ஃபின்னா கடைசி மருந்துன்னு சொல்லுதாங்களே" என்றேன்.

"கடைசிக்கு இல்லம்மா, வலிக்கு."

அது மூளையிலும் தண்டுவடத்திலும் போய் ஒட்டிக்கொண்டு, வலியின் செய்தியை அடக்கிவிடும் என்றார். பிறகு ஈரல் அதை உருமாற்ற, சிறுநீரகம் வெளியே தள்ளிவிடும். அதனால்தான் வலி திரும்பும்வரை காத்திருக்காமல், நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும்.

முதல் மார்ஃபின் மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

"இப்ப எத்தனை பாகம், அண்ணாச்சி?"

"ரெண்டு. வெளிச்சம் தெரியுது."

அன்று அப்பா தானே சவரம் செய்துகொண்டார். மீன்குழம்பில் உப்பில்லை என்று என்னோடு சண்டை போட்டார். நான் உப்பை எடுக்கப் போகாமல் அதைக் கேட்டுக்கொண்டே நின்றேன்.

"வலி எவ்வளவுன்னு வலிக்கிற ஆளுதான் சொல்லணும்" என்பார் சிஸ்டர். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்: யாருடைய வலியையும் இப்போது முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை.

சிஸ்டர் இறந்த செய்தி வந்த அன்று மாலையே அப்பாவிடம் உண்மையைச் சொன்னேன். மறுநாள் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வெள்ளைச் சட்டை அணிந்து, மாதா கோயிலுக்கு நடந்தே போனார். சிஸ்டரின் அடக்கப் பூசை முடியும்வரை மரப்பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.