அக்கா எழுதாத தேர்வு

இன்று தேர்வறை மேற்பார்வையில் இருந்தபோது, கூடுதல் தாளைக் கட்ட ஒரு மாணவி வெள்ளை நூல் கேட்டாள். அதை எடுத்துக் கொடுக்கும்போதே மனம் விருதுநகரில் நான் படித்த கல்லூரிக்குப் போய்விட்டது.

அப்போது நான் முதலாண்டு, அக்கா மூன்றாமாண்டு. தாயில்பட்டியிலிருந்து ஒன்றாகவே பஸ்ஸில் வருவோம். அம்மா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தாள்.

அன்று காலை இருவருக்கும் தேர்வு. கூடுதல் தாளுக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக ஜன்னல் பக்கம் பார்த்தேன். மாடி அறையில் எழுதிக்கொண்டிருக்க வேண்டிய அக்கா வராந்தாவில் நின்றிருந்தாள். நான் பாதி எழுந்துவிட்டேன். ‘எழுது’ என்று அவள் கையை மட்டும் அசைத்தாள். எழுதினேன், என்ன எழுதினேன் என்று தெரியவில்லை.

மணி அடித்ததும் அவளிடம் ஓடினேன்.

“கம்பெனியில தீப்பிடிச்சிருச்சாம்டீ. அம்மா ஆஸ்பத்திரியில இருக்கா. மாமா காலேஜ் ஆபீசுக்குப் போன் போட்டுச் சொன்னாக.”

“ஏன்க்கா அப்பவே என்னைக் கூப்பிடல?”

“கூப்பிட்டா நீயும் எந்திரிச்சு வந்திருப்ப. ரெண்டு பேரும் பரிச்சைய விட்டுட்டு அவ முன்னால எப்படிப் போயி நிக்க? உன்ன இங்கன விட்டுட்டுப் போகவும் மனசு வரல.”

அம்மாவின் இரண்டு கைகளும் வெந்திருந்தன. உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள். எங்களைப் பார்த்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

“பரிச்சை எழுதுனீகளா?”

“எழுதுனோம்மா” என்று அக்கா முந்திக்கொண்டாள்.

அடுத்த ஆண்டு அந்தத் தேர்வை எழுத அக்கா வந்தபோது, அவளுக்கு என் அறையிலேயே இடம் கிடைத்தது. அவள் எழுதத் தொடங்கும்வரை என் பேனா மூடியை நான் திறக்கவில்லை.