ஐந்தாம் மாதம் வரை காத்திருக்காத சொட்டு மருந்து

போன செவ்வாய்க்கிழமை பக்கத்து வீட்டு செந்தில் வந்தார். பனியன் கம்பெனி நடத்துகிறவர். பிரசவத்துக்குத் தாய்வீடான சோமனூர் போன மனைவி கவிதாவையும் பெண் குழந்தையையும் ஐந்தாம் மாதம் அழைத்து வரப் போகிறாராம். முகமெல்லாம் சிரிப்பு.

"பேதிக்குப் போடற ரோட்டா சொட்டு மருந்து போட்டாச்சா செந்தில்?" என்றேன்.

"அங்க ஆஸ்பத்திரியில போடற ஊசியெல்லாம் ஆச்சுங்க அக்கா. இது புதுசா வந்த, காசு கொடுத்துப் போடற மருந்துங்களே... குழந்தை இங்க வந்ததும் நம்ம டாக்டர்கிட்ட போட்டுக்கலாமுங்க."

எனக்குத் திக்கென்றது. ஏன் தெரியுமா?

போன குளிர்காலத்தில் மண்ணரையில் டைலராக இருக்கும் மரியா — நெல்லைப் பக்கத்துப் பெண் — கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு ஓடி வந்தாள். குழந்தைக்கு வாந்தி, காய்ச்சல், தண்ணீராகப் பேதி. "புள்ள அழுவுது, கண்ணுல ஒரு பொட்டு தண்ணி வரலயே யக்கா!" என்று கதறினாள். உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றித்தான் பிழைக்க வைத்தார்கள். ரோட்டா வைரஸாக இருக்கும் என்றார் டாக்டர். கை கழுவுவதும் காய்ச்சிய தண்ணீரும் அவசியம்தான். ஆனால், இந்த வைரஸுக்கு அது மட்டும் போதாது. பங்களா, லைன் வீடு என்ற பேதமெல்லாம் அதற்குக் கிடையாது.

தெருக்கோடியில் கிளினிக் வைத்திருக்கும் குழந்தை டாக்டருக்கு உடனே போன் போட்டு, செந்திலிடம் கொடுத்தேன். ஸ்பீக்கரில்தான்!

"ஒன்றரை மாசத்துலயே ஆரம்பிச்சிருக்கலாமே. பதினஞ்சு வாரம் நிறையறதுக்கு முன்னாடி முதல் டோஸ் போயாகணும்" என்றார் டாக்டரம்மா.

செந்தில் விரல் விட்டு எண்ணினார். சிரிப்பு போய்விட்டது. "பதினாலு முடிஞ்சு ஓடுதுங்களே! இந்த ஷிப்மென்ட் மட்டும் போகட்டுமுங்க டாக்டர். ஒரு பத்து நாள் தள்ளி..."

"உங்க சரக்கு வாங்கற பையர் தேதி தள்ளிக் கொடுப்பாரு. நான் கொடுக்க மாட்டேன். வயசு தாண்டி ஆரம்பிச்சா குடல் ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகிக்குமோன்னு ஒரு பயம் இருக்கு. அதனால அப்புறம் ஆரம்பிக்கறதே இல்லை."

போனை வைத்த பிறகுதான் மனிதர் உண்மையைக் கக்கினார். "ஐஞ்சாம் மாசத்துக்கு முன்னால குழந்தை அப்பன் ஊட்டுப் படி மிதிக்கப்படாதுங்களே அக்கா..."

அடக் கடவுளே! ஷிப்மென்ட் எல்லாம் சாக்குத்தானா?

"அங்க இனி மருந்து தேடி அலைய நாள் இல்லை. உங்க வீட்டுப் படி ஏற வேண்டாம். என் வீட்டுக்கு வரட்டும். முறையும் கெடாது, மருந்தும் உள்ளே போகும்" என்றேன்.

மறுநாளே கார் வந்தது. அப்பா வீட்டு கேட்டைத் தாண்டி என் வீட்டு வாசலில், கவிதாவின் கையில் இறங்கினாள் குட்டி. அவள் பால் குடித்து முடித்ததும் எல்லோருமாகக் கிளினிக்குக்கு நடந்தோம். ஊசி இல்லை, வாயில் விடும் சொட்டுதான். முகத்தைச் சுளித்தாள்... பிறகு நாக்கைச் சப்புக்கொட்டினாள். எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"இனிமே பேதியே வராதுங்களா?" என்று டாக்டரைக் கேட்டார் செந்தில்.

"வேற கிருமியால வரலாம். வந்தா தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்க. ஆனா ரோட்டாவால ஆஸ்பத்திரியில படுக்கற நிலைமை ரொம்பக் குறையும். இப்போ லேசா சிணுங்குவா, வயிறு கொஞ்சம் இளகலாம். விட்டு விட்டு வீறிட்டு அழுதாலோ, மலத்துல ரத்தம் தெரிஞ்சாலோ ஒரு நிமிஷம் தாமதிக்காம கொண்டாங்க."

செந்தில் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "அக்கா மட்டும் சொல்லலீனா..."

நானும் கொஞ்சம் பெருமையாகத்தான் நின்றேன். பொய் சொல்வானேன்!

அதுவரை வாய் திறக்காத கவிதா, குழந்தையின் வாயைத் துடைத்தபடியே சொன்னாள்: "முதல் ஊசி போட்ட அன்னிக்கே நர்ஸம்மா இதையும் சொன்னாங்க அக்கா. இவர்கிட்ட போன்ல கேட்டுட்டேதான் இருந்தேனுங்க. 'உனக்கென்ன தெரியும் கண்ணு, நான் பாத்துக்கறேன்'னாருங்க."

செந்தில் கும்பிட்ட கையை இறக்கிக்கொண்டார். என் பெருமையும் போன இடம் தெரியவில்லை. இத்தனை பேசிய நான், ஒரு தடவையாவது கவிதாவுக்கு போன் போட்டேனா?

அடுத்த டோஸ் எப்போது என்பதை டாக்டர் செந்திலிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, கவிதாவிடம் சொன்னார்.