கிணற்றடி வாங்கிலிருந்து பங்கர் வரை

இந்தச் செபக்கூட்டத்தில் இருக்கும் பலரை இந்த உலகத்துக்கு இழுத்து எடுத்தவள் நான்தான். முப்பத்தொரு வருடம் வட்டுக்கோட்டைப் பகுதியில் மருத்துவிச்சியாக இருந்தேன். அதனால் என்னை நெஞ்சுரம் உள்ளவள் என்று நினைத்திருப்பீர்கள். அந்த நினைப்பை இன்று நானே கெடுக்க வேண்டியிருக்கிறது. ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்ல வேறு வழி தெரியவில்லை.

1991 ஆவணியில் எனக்குப் பாரிசவாதம் வந்தது. அப்போது வயது எழுபத்தொன்று. அதுவரை சைக்கிளில் திரிந்தவள். வலது கையும் காலும் ஒரே நாளில் போயின. தலை சீவி இழுக்க, சீலை உடுக்க, கக்கூசுக்குப் போக, எல்லாவற்றுக்கும் மகள் றெஜினாவைக் கூப்பிட வேண்டும். ஐப்பசியில் கொழும்புக்குப் போன மருமகன், சண்டையில் பாதை பூட்டியதால் அங்கேயே நின்றுவிட்டார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். றெஜினா பிள்ளைத்தாச்சி.

எத்தனையோ பேரைத் தொட்டுத் தூக்கிய எனக்கு, இன்னொருவர் கை என் மேல் படுவது பிடிக்கவில்லை. கஞ்சிக் கோப்பையைத் தட்டிவிட்டிருக்கிறேன். செபமாலை முடிந்ததும், "ஆண்டவரே, என்னை எடுத்துக்கொள்ளும்" என்று தினமும் கேட்பேன். அதைப் பக்தி என்று நினைத்தேன். உண்மையில் அது வெறும் ரோசம்.

குண்டு போடப் பொம்மர் வரும் நாட்கள்தான் எனக்குப் பெரிய பயம். நாங்கள் பதுங்கும் பங்கர் குழி வீட்டுக்குப் பின்னால், கிணற்றைத் தாண்டி இருந்தது. செங்குத்தாக நாலு படி. றெஜினா என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் விமானம் இரண்டு தரம் சுற்றிவிடும். என்னை விட்டுவிட்டு இறங்கவும் மாட்டாள்.  ஒருநாள் என்னாலேயே தாயும் பிள்ளையும் போகப்போகிறார்கள் என்று நினைத்து நினைத்துச் சோறு இறங்கவில்லை.

பக்கத்துக் காணியில் வெங்காயம் வைத்திருந்த சரசு இதைக் கவனித்திருக்கிறாள். ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, "அம்மா, பொம்மர் வந்தால் கூப்பிடுங்கோ. நான் வந்து தூக்கிறன்" என்றாள்.

"நான் என்ன வெங்காய மூட்டையே, தூக்கிறதுக்கு?" என்று முகத்தில் அடித்த மாதிரிச் சொன்னேன். பாவம், திரும்பி வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டப் போய்விட்டாள்.

ஆனால் றெஜினாவிடம் வேறு கதை சொன்னேன். "சரசுவோடை கதைச்சு வைச்சிருக்கிறன். அவள் வந்து என்னை இறக்குவாள். நீ முதல் இறங்கிப் போயிடு" என்றேன். அவள் நம்பவில்லை. வயிற்றுப் பிள்ளை மேல் என்னிடம் சத்தியம் வாங்கிய பிறகுதான் ஓமென்றாள். தாய் பொய் சொல்லுவாள் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

1992 தவக்காலம். காலை பத்து மணியிருக்கும். றெஜினா என்னைக் கிணற்றடிப் பலகை வாங்கில் இருத்திக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். திடீரென்று அந்த இரைச்சல் கேட்டது. "போ, சரசு வாறாள்" என்று கத்தினேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பங்கருக்குள் இறங்கினாள்.

நான் மட்டும் இருந்தேன். மார்புக்கு மேல் கட்டிய ஈரக் குறுக்குக்கட்டோடு, தலையில் சவர்க்கார நுரையோடு. விமானம் பனைக்கு மேலே தாழ்ந்து வந்தது. ஏழு மாதமாகக் கேட்ட சாவு இதோ வருகிறது. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, சாக எனக்கு விருப்பமே இல்லை.  சிறுநீர் போய்விட்டது. "வேண்டாம் ஆண்டவரே. நான் பொய் சொல்லிப்போட்டன். எனக்குப் பயமாயிருக்குது. ஆரையாவது அனுப்பும்" என்று அழுதேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகச் செய்த செபம் அதுதான்.

வேலிப் பொட்டுக்குள்ளால் சரசு புகுந்து ஓடி வந்தாள். முழங்கால் வரை சேறு. அந்த நேரத்திலும் என் வாய் அடங்கவில்லை. "தொடாதை, நான் ஊத்தையாயிருக்கிறன், சீலையும் இல்லை" என்றேன்.

"வெக்கத்தைப் பிறகு பாப்பம். என்ரை கழுத்தைப் பிடியுங்கோ" என்றாள். "மூத்தவனைப் பெறேக்கை நீங்கள் எனக்கு இதைத்தானே சொன்னனீங்கள்."

பிடித்தேன். இருந்த ஒரு கையால் இறுக்கிப் பிடித்தேன். இரண்டு பேரும் படியில் சறுக்கி றெஜினாவின் காலடியில் விழுந்தோம். நிலம் ஒருதரம் தூக்கிப் போட்டது. காது அடைத்தது. மண் கொட்டியது. றெஜினா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாதாவைக் கூப்பிட்டாள், சரசு அம்மாளாச்சியைக் கூப்பிட்டாள். நான் சரசுவின் கழுத்தை விடவேயில்லை.

வெளியே வந்தபோது வாங்கு இரண்டாகப் பிளந்து கிடந்தது. கிணற்றுக் கட்டில் குண்டுச் சிதறல் குத்தி நின்றது.

"நான் கூப்பிடேல்லையே, எப்படி வந்தனி?" என்று சரசுவைக் கேட்டேன்.

"எங்கடை பங்கருக்கை ஒரு காலை வைச்சிட்டன் அம்மா. நீங்கள் ரெண்டு பேரும் உங்கடை பங்கருக்கை இருந்து சத்தமாச் செபம் சொல்லுறனீங்கள் எல்லே? இண்டைக்கு றெஜினாத் தங்கச்சியின்ரை குரல் மட்டும்தான் கேட்டுது."

ஆண்டவரிடம் சிறகுள்ள சம்மனசுகளுக்குக் குறைவில்லை. எனக்கு அவர் வெங்காயத் தோட்டத்திலிருந்து ஆள் அனுப்பினார். நான் மூஞ்சையில் அடித்து விரட்டிய அதே ஆளை.

பொய்யைத் தெரிந்துகொண்ட றெஜினா இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் நான் மன்னிப்புக் கேட்டேன். வைகாசியில் பேத்தி சுகமாகப் பிறந்தாள். என் கை உதவாது. நான் கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல, சரசுதான் பிள்ளையை ஏந்தினாள்.

கால் திரும்பி வரவில்லை. பயமும் போகவில்லை. ஆனால் "என்னை எடுத்துக்கொள்ளும்" என்ற செபத்தை விட்டுவிட்டேன். இப்போது குளிக்க, உடுக்க, இறங்க, எதற்கும் வாய் திறந்து கேட்கிறேன். கேட்கும் ஒவ்வொரு தரமும் கூசுகிறது. அந்தக் கூச்சத்தையும் ஆண்டவரிடம் கொடுத்துவிட்டுக் கேட்கிறேன்.

பின்வரிசையில் கைத்தடியோடு இருக்கிறவர்களே, ஒருவருக்கும் பாரமாக இருக்க மாட்டேன் என்று நீங்கள் சொல்வது எனக்குத் தெரியும். இந்தக் கோவிலுக்குப் பின்னாலும் ஒரு பங்கர் இருக்கிறது. அதற்கும் படிகள் செங்குத்துத்தான். முடிவுச் செபம் தொடங்குமுன், பக்கத்தில் இருப்பவரிடம் திரும்பி, என்னைத் தூக்குவீர்களா என்று கேளுங்கள். நாங்கள் காத்திருக்கிறோம்.